முக்கால் அங்குலம்

எங்கள் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "அண்ணே, பழைய பிக்கப் வண்டிக்கெல்லாம் இப்ப திரும்ப மவுசு வந்துருச்சு. நீங்க அதுலயே புரண்டு எழுந்தவரு. சுவாரசியமா ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர். மவுசு வந்தது உண்மைதான். வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்தவர்கள் எங்கோ வைக்கோலுக்கு அடியில் கிடந்த பிக்கப்பைத் தேடிப் பிடித்து, பளபளவென்று பெயின்ட் அடித்து, கல்யாண போட்டோவுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின்னால் ஏற்றி நிறுத்துகிறார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அப்படி நின்று போஸ் கொடுக்கையில் பலகை முறிந்து முழங்கால் வரை உள்ளே போய்விட்டார். அதை எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு வண்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதைத் தாண்டி வேறெதையும் எழுத வரவில்லை.

என் பெயர் செல்வராசு. தஞ்சாவூரில் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயை ஒட்டி இருந்த ஒரு பட்டறையில் வெல்டராகவும் டிங்கராகவும் வேலை பார்த்தவன். மூன்று வருஷம் துரு சுரண்டினேன், இரண்டு வருஷம் மற்றவர் வெல்டிங் வைக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு என் கையில் கொடுத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

பிக்கப் மேல் எனக்கு ஏன் இத்தனை ஆசை என்று வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். லாரிக்கு ஒரு திமிர் உண்டு, காருக்கு ஒரு பவிசு உண்டு. பிக்கப்புக்கு இரண்டும் கிடையாது. காலையில் நாற்று முடி ஏற்றும், மத்தியானம் மீன் கூடை ஏற்றும், சாயங்காலம் கல்யாண வீட்டுப் பாத்திரம் ஏற்றும். எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். கோடியக்கரைப் பக்கம் உப்பு ஏற்றிய வண்டி அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். முத்துப்பேட்டை வண்டியை எத்தனை சோப்புப் போட்டாலும் மீன் வாடை போகாது. திருக்காட்டுப்பள்ளி வண்டியின் பலகையில் வாழைத்தார்க் கறை கருப்பாக ஊறியிருக்கும்.

எங்கள் ஃபோர்மேன் தங்கவேல். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எங்களையெல்லாம் வாங்க போங்க என்பார். வண்டிகளையும் அப்படித்தான் சொல்வார். "இவங்களுக்கு முதுகுல அடி பட்டிருக்கு, மெதுவாத் தூக்குங்க." புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு வாரம் கழிந்தால் சிரிக்க மாட்டார்கள்.

அவர் கரந்தையிலிருந்து சைக்கிளில் வருவார், சைக்கிளிலேயே திரும்புவார். எங்கள் பட்டறையில் ஒட்டுப் போட்ட எந்த வண்டியிலும் அவர் ஏறி உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. ஒரு நாள் மழை கொட்டுகிறது. ஓனர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க, வீட்ல இறக்கி விட்டுடறேன்" என்றார். "அவங்கள ஏங்க அலைக்கழிச்சுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே சைக்கிளை மிதித்துப் போனார். அதனால் வேலை முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இன்னொரு பழக்கம் அவருக்கு. ஓட்டியவர் உயிர் போன வண்டி பட்டறைக்கு வந்தால் முன்பக்கமாக உள்ளே விடமாட்டார். பின்பக்கமாகத் தள்ளித்தான் கொண்டுவர வேண்டும், முகம் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வந்த வழி அவங்களுக்குத் தெரியணும்ல" என்றார். வண்டியைச் சொன்னாரா, போன ஆளைச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்கத் தைரியமும் வரவில்லை.

ஒட்டுப் போடுவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வண்டியின் முதுகெலும்பு சேஸ். இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் இரும்புச் சட்டம். முன்னால் நசுங்கிய வண்டி வந்தால் அந்த முன்பாதியை அறுத்து எடுத்துவிட்டு, காயலான் கடையில் கிடைக்கும் இன்னொரு வண்டியின் முன்பாதியைக் கொண்டுவந்து ஒட்டுவோம். ஒட்டிய பிறகு கோணல் இருக்கிறதா என்று பார்க்க நூல் பிடிப்போம். சட்டத்தில் கம்பெனிக்காரர்கள் போட்ட ஓட்டைகள் இருக்கும். அதில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைப்போம். புள்ளிக்குப் புள்ளி குறுக்காக இரண்டு நூல். இரண்டு நூலும் ஒரே நீளம் என்றால் வண்டி நேர். ஒரு நூல் நீண்டால் கோணல். இப்போது அதற்கு லேசர் வந்துவிட்டது. எங்களுக்கு நூல்தான் கோர்ட்டு, நூல்தான் தீர்ப்பு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, பழைய பிக்கப்புகளை ஆசைக்குச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். போன புரட்டாசியில் ஒரு பெண் வந்தாள். பெயர் பூங்கொடி, நாற்பது வயது இருக்கும், குவைத்தில் நர்ஸ். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். அவள் பின்னாலேயே ஒரு டிராக்டர் கயிறு கட்டி ஒரு பிக்கப்பை இழுத்து வந்தது. இருபத்திரண்டு வருஷம் மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. சேறு காய்ந்து ஒரு தோல் போல அதன் மேல் படிந்திருந்தது.

"எங்க அப்பா வண்டி ஐயா. வாழைத்தார் ஏத்திக்கிட்டு தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு வருவாரு. ஒரு நாள் காலைல பத்து மணிக்கு, நேர் ரோட்டுல, எதிர்ல ஒரு வண்டி கிடையாது, புது ஆத்துல இறங்கிருச்சு. பாத்தவங்க பிரேக் கூடப் போடலன்னாங்க. வேணும்னே விட்டுட்டாருன்னு ஊரே சொல்லுது."

"நீ என்னம்மா நினைக்கிற?"

அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்குக் காலைல எனக்கும் அவருக்கும் சண்டை. நர்சிங் படிக்க மெட்ராஸ் போகணும்னேன், விடமாட்டேன்னாரு. நீ செத்தாத்தான் எனக்கு விடிவுன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம சாவிய எடுத்துக்கிட்டுப் போனாரு. ஒரு மணி நேரத்துல சேதி வந்துச்சு." பிறகு, "இத அழகு பண்ண வேணாம் ஐயா. அன்னிக்கு எப்படி ஓடுச்சோ அப்படி ஓட வைங்க. அது எப்படி ஓடுச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

வாழைத்தார் என்றதும் என் மனசின் ஓரத்தில் ஏதோ தட்டியது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பழக்கம் விடுமா, டிராக்டரைக் கழற்றிவிட்டு வண்டியைப் பின்பக்கமாகத்தான் கொட்டகைக்குள் தள்ளினேன்.

இரண்டு மாதம் வேலை பார்த்தேன். ஏற்கெனவே ஒட்டுப் போட்ட வண்டி அது. ஒட்டின் மேல் தகடு வைத்துப் பெட்டி போல் மூடி, தார் பூசியிருந்தது. எங்கள் பக்கத்தில் பாதி வண்டி அப்படித்தான், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே துரு எவ்வளவு என்று பார்க்க இடப்பக்கத்துப் பெட்டியின் அடியில் டிரில் போட்டேன். ஓட்டையிலிருந்து வண்டல் கொட்ட ஆரம்பித்தது. மாவு மாதிரி நைசான ஆற்று வண்டல். கை வைத்தால் நிற்கும், கையை எடுத்தால் கொட்டும். அரை வாளிக்கு வந்தது. நடுவே சின்னச் சின்ன நத்தைக்கூடு, ஒரு துண்டு வாழைநார். வலப்பக்கத்திலும் டிரில் போட்டேன். அதில் ஒரு பிடி மண் கூட இல்லை.

இன்ஜினைக் கழற்றிப் பூட்டி, பிரேக் புதிதாகப் போட்டு, டயர் மாற்றி, குறுக்கு நூலும் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நூலும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளம். மனசுக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு நாள் முற்பகலில் புது ஆற்றங்கரை ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இடப்பக்கம் ஆறு கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பீடி எடுக்க ஒரு கையை விட்டேன். ஸ்டியரிங் என் மற்றொரு கைக்குள்ளேயே மெதுவாகத் திரும்பியது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. வண்டி தண்ணீரைப் பார்த்துப் போனது, சாயங்காலம் மாடு தன் கொட்டகையைப் பார்த்துப் போவது போல. நான் வளைத்துப் பிடித்து நிறுத்தினேன்.

திரும்பி வரும்போது ஆறு வலப்பக்கம் இருந்தது. அப்போதும் இடப்பக்கம்தான் இழுத்தது. அந்தப் பக்கம் நடவு முடிந்த வயல், முழங்கால் தண்ணீர். இந்த ஊரில் எந்தப் பக்கம் இழுத்தாலும் தண்ணீர்தான் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

டயரை மாற்றி மாற்றிப் போட்டேன். ஸ்டியரிங்கைப் பிரித்துப் பூட்டினேன். ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி எடை பார்த்தேன். மறுபடி நூல் பிடித்தேன், மறுபடி ஒரே நீளம். மறுபடி ரோட்டுக்குப் போனேன், மறுபடி தண்ணீர்ப் பக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்புகிறவர்கள் நம்பலாம். சக்கரத்தை நேராக வைத்துத்தான் கொட்டகையில் விடுவேன். காலையில் போய்ப் பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம் திரும்பி நிற்கும். என் மனைவிதான் முதலில் கவனித்தாள். "யாருங்க வந்து திருப்பினது? இத வீட்ல வச்சிருக்காதீங்க, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். எத்தனை யோசித்தும் அதற்கு மட்டும் இன்றுவரை எனக்குக் காரணம் தெரியவில்லை.

நான்காவது நாள் நூலைத் தூக்கி எறிந்துவிட்டு டேப்பை எடுத்தேன். பின்சக்கரத்து நடுவிலிருந்து முன்சக்கரத்து நடு வரை, வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. இரண்டு நிமிஷ வேலை. இடப்பக்கம் முக்கால் அங்குலம் குறைந்தது. வண்டி கோணலாகத்தான் நிற்கிறது. அப்படியானால் நூல் எப்படி ஒரே நீளம் காட்டியது? வண்டிக்கு அடியில் படுத்து, நான் நூல் பிடித்த முன்பக்கத்து ஓட்டையைச் சுரண்டினேன். அது கம்பெனி ஓட்டை இல்லை. அந்த முன்பாதி காயலான் கடைக்கு வருவதற்கு முன்பே அசல் ஓட்டையை எவனோ அடைத்துவிட்டு, முக்கால் அங்குலம் தள்ளிப் புதிதாகப் போட்டிருந்தான். தப்பான ஓட்டையை வைத்து நூல் பிடித்தால் கோணல் வண்டியும் நேர் என்றுதான் வரும்.

இப்படி எவன் ஒட்டினான் என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஒட்டின் மேலிருந்த தாரைச் சுரண்டினேன். வெல்டிங் கோடு தெரிந்தது. கோட்டின் முடிவில் ஒரு சின்னக் கொக்கி, பின்பக்கமாக வளைந்து. நாங்கள் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, ஆனால் அவரவர் வெல்டிங் அவரவருக்குத் தெரியும். முடிக்கும்போது கம்பியைப் பின்னால் இழுக்கிற பழக்கம் எங்கள் பட்டறையில் ஒருத்தனுக்குத்தான் உண்டு. "வாலை வச்சுட்டீங்களா செல்வராசு?" என்று தங்கவேல் கேலி செய்வார். நான் வண்டிக்கு அடியில் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது.

அதற்குப் பிறகு அந்த மனிதரின் முகம் வந்துவிட்டது. எங்களுக்கு அவர் வாழைத்தார்க்காரர், பெயர் கேட்டதில்லை. லாரியில் முட்டி முன்பக்கம் நசுங்கிய வண்டியைக் கொண்டுவந்தார், நான் ஒட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு மூன்று முறை திரும்பி வந்தார். "அண்ணே, இடப்பக்கம் இழுக்குதுண்ணே. ஒரு கைய விட முடியல." இரண்டு முறை நூல் பிடித்துக் காட்டி அனுப்பினேன். மூன்றாம் முறை லோடோடு வந்து நின்றார். தங்கவேல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சின்னச் சுத்தியலால் சட்டத்தை இரண்டு பக்கமும் தட்டிக் காது கொடுத்தார். "நூல் போதும்னு விட்டுடாதீங்க செல்வராசு. லோடோட ஆத்தங்கரை வரைக்கும் ஒரு தடவ ஓட்டிட்டு வாங்க. இவங்க என்னமோ சொல்ல வர்றாங்க" என்றார்.

மணி இரண்டு ஆகியிருந்தது. நான் இன்னும் சாப்பிடவில்லை. ஃபோர்மேன் அந்தப் பக்கம் போனதும் வாழைத்தார்க்காரரிடம், "வண்டி நேராத்தாங்க இருக்கு. ஓட்டறவரு நேரா ஓட்டணும்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். "என் மக ஏறி உக்காந்தாத்தாண்ணே பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வேலைச் சீட்டில் 'ஓட்டிப் பார்த்தது, சரி' என்று எழுதிவிட்டு நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன்.

கொஞ்ச நாளில் சேதி வந்தது. வீட்டில் சண்டையாம், வண்டியோடு ஆற்றில் விட்டுவிட்டாராம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. தங்கவேல் என் பக்கத்தில் வந்து நின்று, "அன்னிக்கு ஓட்டிப் பாத்தீங்கல்ல?" என்றார். "பாத்தேங்க" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அதைப் பற்றி அவர் திரும்பப் பேசவே இல்லை. இப்போது அவரும் இல்லை.

அந்தச் சட்டத்தை அறுத்துச் சரியாக ஒட்ட எனக்கு ஒரு நாள் போதும். நேராக ஓடுகிற வண்டியைப் பூங்கொடியிடம் கொடுத்திருக்கலாம். அவள் ஓட்டிப் பார்த்து, வண்டியில் குற்றமில்லை, அப்பா என் வார்த்தைக்குத்தான் போனார் என்று முடிவு செய்திருப்பாள். என் கொக்கியும் தாருக்கு அடியிலேயே கிடந்திருக்கும். இரண்டு நாள் அப்படியும் யோசித்தேன். மூன்றாம் நாள் போன் போட்டு வரச் சொன்னேன்.

பின்னால் வாழைத்தார் எடைக்கு மண் மூட்டை ஏற்றினேன். பத்து மணி வெயில். அவளை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அப்பா விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், "மெதுவாப் போ. இப்பக் கைய எடும்மா" என்றேன்.

எடுத்தாள். எங்கள் இருவர் கண்முன்னால் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. அவசரமில்லாமல், ஒரு ஆள் உட்கார்ந்து திருப்புவது போலவே. வண்டி ரோட்டை விட்டுப் புல்லில் இறங்கியது. தண்ணீர் கண்ணாடிக்கு நேரே வந்தது. நான் பிரேக்கை இழுத்தேன்.

அவள் பின்னால் எடுத்து மறுபடி ஓட்டினாள். மறுபடி கையை விட்டாள். நான்கு முறை அப்படிச் செய்தாள். ஐந்தாம் முறை புல்லில் நின்றதும் இன்ஜினை அணைத்துவிட்டாள். ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சொன்னதுக்கு இல்லையா ஐயா?"

"இல்லம்மா. வண்டிதான். இத ஒட்டுனது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்று முறை வந்ததைச் சொன்னேன், நான் சொல்லிச் சிரிக்க வைத்ததைச் சொன்னேன், மகளைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னேன். அதற்கு மட்டும் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "ஓட்டிப் பாத்தேன்னு எழுதினீங்களே, ஏன் ஓட்டிப் பாக்கல?" என்றாள்.

"பசிச்சுதும்மா."

அவள் சாவியைத் திருகினாள். "எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்க. இதே மாதிரி சொல்லணும். பசிச்சுதுன்னும் சொல்லுங்க." அதிலிருந்து அவள் ஊர் வரை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள்.

அவள் அம்மா வாசலில் வாழையிலைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டி ஓடி வந்து நின்றதைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி கட்ட ஆரம்பித்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முடித்த பிறகும் கையிலிருந்த கட்டைக் கட்டி முடித்து, நாரைப் பல்லால் இழுத்து முடிந்துவிட்டுத்தான் எழுந்தார்.

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பழைய வேட்டியில் சுற்றிய ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். "வேணும்னே போனவருக்கு என்ன படம்னு எரிச்சுட்டேன்னு சொன்னியேம்மா" என்றாள் பூங்கொடி. கூடத்துச் சுவரில் மாமனார், மாமியார் படங்கள் மாலையோடு இருந்தன, பக்கத்தில் ஒரு படத்துக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஆணியையும் சுத்தியலையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நீங்களே அடிங்க."

இரும்பு அடித்தே வளர்ந்த கை இது. அன்றைக்கு ஆணி இரண்டு முறை வளைந்தது. மூன்றாவது ஆணிதான் சுவரில் இறங்கியது. அந்த அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் படத்தைத் தானே மாட்டினார். அதே முகம், பட்டறையில் எங்களோடு சேர்ந்து சிரித்த முகம். நான் சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த அம்மா இரண்டு அடி பின்னால் நகர்ந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, நாங்கள் இருவரும் அங்கே இல்லாதது போலப் படத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க, வண்டிதானாம்ங்க."